ரத்தப் பரிசோதனையும் பட்டாசுத் தொழிலாளியும்

ஆஸ்பத்திரிகளில் குவிந்து கிடக்கும் லட்சக்கணக்கான ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டாக்டர்கள் எந்த நோயாளிக்கு, எந்த நேரத்தில், என்ன பரிசோதனை எழுதுகிறார்கள் என்று ஆராயும் வேலை இன்று உலகெங்கும் நடந்துவருகிறது. ‘பிக் டேட்டா’ என்பார்கள்; தமிழில் பெருந்தரவு என்று எழுதுகிறார்கள். இது படித்தவர்கள் விவகாரம், சிவகாசியில் மருந்து செலுத்துகிறவருக்கும் சரம் பின்னுகிறவருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்.

நிறையவே இருக்கிறது. யாருடைய ரத்தம் சோதிக்கப்படுகிறது, யாருடையது சோதிக்கப்படவில்லை, அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பவை வெறும் விஞ்ஞானப் பிரச்னைகள் அல்ல. கூலிப் பிரச்னையைப் போல இவையும் நமது பிரச்னைகளே. ஆகவே விஷயத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

போஸ்டன் ஆராய்ச்சி சொன்னது என்ன?

அமெரிக்காவில் போஸ்டன் நகரத்தின் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்ற 6,69,452 நோயாளிகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி 2018இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. 272 வகைப் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 233 வகைகளில், பரிசோதனையின் விடை என்னவாயிருந்தாலும் சரி, ‘இந்தப் பரிசோதனை எழுதப்பட்டது’ என்ற ஒரே விஷயம் அந்த நோயாளி மூன்று வருஷம் பிழைத்திருப்பாரா என்பதோடு தொடர்பு கொண்டிருந்தது. இன்னொன்றும் கண்டார்கள். விடையையும் நேரத்தையும் ஒப்பிட முடிந்த 174 வகைகளில் 118இல், ரத்தத்தில் என்ன இருந்தது என்பதைக் காட்டிலும் எந்த நேரத்தில் பரிசோதனை எழுதப்பட்டது என்பதே நோயாளியின் கதியைச் சரியாக முன்னறிவித்தது.

இது ஜோசியம் அல்ல. காரணம் எளிது. பகல் பதினோரு மணிக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தம் வேறு; நடு ராத்திரியில் டாக்டர் பதறி, நர்ஸை எழுப்பி எடுக்கச் சொல்லும் ரத்தம் வேறு. ராத்திரி எடுத்த ரத்தத்தின் விடை நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எடுக்கச் சொன்னார் என்றால், டாக்டர் நோயாளியின் முகத்தில் ஏதோ ஒன்றைக் கண்டிருக்கிறார். அது கம்ப்யூட்டரில் பதிவாகவில்லை. நேரம் மட்டும் பதிவாகியிருக்கிறது.

இதிலிருந்து வரும் பாடம் முக்கியமானது. ஆஸ்பத்திரிக் கணக்கு என்பது உடம்பின் கணக்கு மாத்திரம் அல்ல. டாக்டரின் மனம், ஆஸ்பத்திரியின் பழக்கம், நோயாளியின் கைப்பணம், வந்து சேர்ந்த நேரம், நடந்து வந்த தூரம் எல்லாம் கலந்த கணக்கு அது. உடம்பின் உண்மை என்று மட்டும் எண்ணி அதைப் படிப்பவன் ஏமாந்து போவான்.

எழுதாத பரிசோதனை

எழுதிய பரிசோதனைக்கு இவ்வளவு அர்த்தம் உண்டென்றால், எழுதாத பரிசோதனைக்கு என்ன அர்த்தம்? இங்கேதான் நமது ஜில்லா வருகிறது.

டாக்டர்கள் தேவையில்லாத பரிசோதனைகளை எழுதுகிறார்கள் என்ற புகார் எல்லா நாட்டிலும் உண்டு. பதினைந்து வருஷத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, சராசரியாக 20.6 சதவீதம் வீண் பரிசோதனை என்று கணக்கிட்டது. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எடுத்துச் சொல்லின. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு புள்ளி விவரமும் இருந்தது. செய்திருக்க வேண்டிய இடத்தில் செய்யாமல் விட்டது 44.8 சதவீதம்! வீணாகச் செய்ததைப் போல இரண்டு பங்குக்கு மேல் செய்யாமல் விட்டது. வசதி நிறைந்த நாடுகளின் ஆஸ்பத்திரிக் கணக்கு இது. வெம்பக்கோட்டையிலும் தாயில்பட்டியிலும் நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

சோதிக்கப்படாதவன் கணக்கில் ஆரோக்கியசாலியாகத் தோன்றுவான். இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். அமெரிக்காவில் எந்த நோயாளிக்கு அதிகக் கவனிப்புத் தேவை என்று தேர்ந்தெடுக்க ஒரு கம்ப்யூட்டர் கணக்கைப் பல ஆஸ்பத்திரிகள் உபயோகித்தன. யாருக்கு வைத்தியச் செலவு அதிகம் ஆனதோ அவருக்கு நோய் அதிகம் என்று அது எடுத்துக்கொண்டது. கறுப்பு மக்களுக்கு வைத்தியம் சரியாகக் கிடைக்கவில்லை. ஆகவே அவர்களுக்காக ஆன செலவும் குறைவு. யந்திரம் என்ன முடிவுக்கு வந்தது? அவர்களுக்கு நோய் குறைவு என்று! 2019இல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் இந்த அநியாயம் வெளியாயிற்று. கூடுதல் கவனிப்புக்குத் தேர்வான நோயாளிகளில் கறுப்பு மக்கள் 17.7 சதவீதம், தவறைத் திருத்தினால் அது 46.5 சதவீதமாக உயரும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். யந்திரத்துக்கு நிறவெறி தெரியாது. ஆனால் அதற்குப் போட்ட தீனியிலேயே நிறவெறி இருந்தது.

இதை அப்படியே நமது ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். பட்டாசுத் தொழிலாளி காலையில் ஆலை வண்டியில் ஏறினால் திரும்ப மாலையாகிவிடும். பீஸ் ரேட் கூலி. அரை நாள் போனால் அரை நாள் கூலி போயிற்று. சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுப்பதோ பகல் வேளையில். மாலையில் காய்ச்சலோ இளைப்போ என்றால் அவர் போவது பக்கத்துத் தனியார் கிளினிக்குக்கு. அங்கே ஓர் ஊசி, நான்கு மாத்திரை. அவருடைய ரத்தம் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறுவதில்லை. நாளைக்கு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து, ‘சிவகாசி வட்டாரத்தில் ஈயப் பாதிப்பு இல்லை, தைராய்டுக் கோளாறு அதிகமில்லை’ என்று அறிக்கை வந்தால் நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது.

‘என்ன தொழில்?’ என்ற கேள்வி

எங்கள் வட்டாரத்தில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. ஆலையில் கலப்பதும் மருந்து. ஆலை மருந்தில் என்ன இருக்கிறது? அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு. பச்சை நிறத்துக்குப் பேரியம் உப்பு. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு. ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றின் கலவைகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2017 ஜூலையில் தடுத்தது. 2018 அக்டோபர் தீர்ப்பில் பேரியம் உப்புக்கும் தடை வந்தது. டில்லியில் வெடியின் புகையைச் சுவாசிக்கும் மக்களின் உடல்நலத்தை எண்ணிப் பிறந்த தீர்ப்புகள் இவை. நல்லது. ஆனால் வருஷக்கணக்கில் அந்தப் பொடிகளைக் கையால் அளந்து, மூக்கால் இழுத்து, வெள்ளி பூசியது போன்ற கைகளோடு வீடு திரும்பியவர்களின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை.

பெர்குளோரேட் என்ற உப்பை எடுத்துக்கொள்வோம். வெடிமருந்தில் அது உபயோகப்பட்டது. உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிசுக்களுக்கும் இது ஆபத்து. தென்னிந்தியாவில் பட்டாசு உற்பத்தி நடக்கும் பகுதியின் நிலத்தடி நீரில் இந்த உப்புக் கலந்திருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. அப்படியானால் இங்கே இளைப்பு, அசதி என்று வரும் பெண்ணுக்குத் தைராய்டுப் பரிசோதனை எழுத வேண்டாமா? ஈயத்தைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. அளந்து பார்த்தால்தானே 5ஆ, 50ஆ என்பது தெரியும்?

டாக்டர் ஏன் எழுதுவதில்லை? அவரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். சர்க்கார் டாக்டருக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிஷம் கூடக் கிடைக்காத இடத்தில் தொழிலைப் பற்றி விசாரிக்க நேரம் ஏது? நான் பார்த்த வெளிநோயாளிச் சீட்டுகளில் பெயர் உண்டு, வயது உண்டு, ஆணா பெண்ணா என்பது உண்டு. என்ன தொழில் என்ற கட்டம் இல்லை.

இந்தக் கேள்வி புதிதல்ல. இத்தாலி நாட்டு மருத்துவர் ராமஸினி 1700இல் தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னார். 1845இல் வியன்னா நகரத்து டாக்டர் ஒருவர், தாடை எலும்பு அழுகி வந்த நோயாளிகள் தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்தவர்கள் என்பதைக் கண்டார். வெண்பாஸ்பரஸின் கொடுமை அப்படித்தான் வெளிப்பட்டது. மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் வேலை நாளைப் பற்றி எழுதும்போது இந்தத் தீப்பெட்டித் தொழிலாளிகளின் நோயைக் குறிப்பிடுகிறார். 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906இல் பெர்ன் நகரத்தில் சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியாவில் 1913இல் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் ஆரம்பமான காலத்தில் அந்த விஷம் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது என்றால், அதற்குப் பின்னால் இந்தச் சரித்திரம் முழுவதும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே ஒரு டாக்டர் சில நோயாளிகளைப் பார்த்து இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். ஏன்? தொழில் என்ன என்று தெரிந்துகொண்டார். இன்று கோடிக்கணக்கான சீட்டுகளைக் கணத்தில் புரட்டும் யந்திரம் இருக்கிறது. அந்த ஒரு கட்டம் இல்லையென்றால் அது எதையும் கண்டுபிடிக்காது.

சாத்தூரில் நடந்தது

2018 டிசம்பரில் சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நடந்ததை இந்த ஜில்லா மறக்காது. ரத்தசோகையோடு வந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அது எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம். சிவகாசி சர்க்கார் ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்த இளைஞருக்குத் தமக்குத் தொற்று இருப்பது தெரியாது. வெளிநாட்டு வேலைக்காக வேறிடத்தில் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் தெரிந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. அந்த மாதத்திலேயே அந்த இளைஞரின் உயிரும் போயிற்று.

இதில் நெஞ்சைச் சுடும் விஷயம் இன்னொன்று. அதே இளைஞர் 2016இலேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே பரிசோதனையில் தொற்றுத் தெரிந்திருந்தது. அது அவருக்கு அறிவிக்கப்படவில்லை. அடுத்த முறை கொடுக்க வந்தபோது தடுக்கப்படவும் இல்லை. விடை இருந்தது, ஒரு புத்தகத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. பரிசோதனைக் கூடத்து ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். ஆனால் 2016ஆம் வருஷத்துப் பதிவையும் 2018ஆம் வருஷத்து ரத்தப் பையையும் இணைக்க ஒரு ஏற்பாடு இல்லாமல் போனதற்கு யார் மீது நடவடிக்கை எடுப்பது?

கணக்குகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்வதே வேண்டாம், அது முதலாளிகளின் சூழ்ச்சி என்று சொல்லும் தோழர்களுக்குச் சாத்தூர்ப் பெண்மணியின் கதியே பதில். சேர்க்காமல் விட்ட கணக்கும் ஏழையைத்தான் வதைத்தது. எங்களுக்குக் கணக்கு வேண்டும். யாருக்காக என்பதே கேள்வி.

டில்லியின் மதிப்பெண் பட்டியல்

அதே 2018ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் ‘முன்னேற விழையும் ஜில்லாக்கள்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் அதில் சேர்ந்தவை இரண்டு ஜில்லாக்கள்: விருதுநகரும் ராமநாதபுரமும். நிதி ஆயோக் மாதந்தோறும் புள்ளி விவரம் வாங்கி, எந்த ஜில்லா முந்தியது என்று வரிசைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் உள்ள அளவுகோல்களில் ஒன்று என்ன தெரியுமா? கர்ப்பிணிகளில் எத்தனை சதவீதம் பேருக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை ஹீமோகுளோபின் பரிசோதனை நடந்தது என்பதே.

பரிசோதனையை எண்ணுவது தப்பல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நான்கு தடவை பார்ப்பது அவசியம். ஆனால் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுத்தால் எண்ணிக்கை ஏறும், ரத்தம் ஏறுமா? ஏழு கிராம் என்று நான்கு முறை எழுதினால் நான்கு மதிப்பெண். அந்தப் பெண் என்ன சாப்பிடுகிறாள், எட்டாம் மாதத்திலும் ஏன் ஆலைக்குப் போகிறாள், கூலி எவ்வளவு, பிரசவ காலச் சம்பளம் உண்டா என்பதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை. டாக்டர் பரிசோதனை எழுதுவதைக் கணக்கெடுத்துத் தரவரிசை போடுகிறவர்கள், அந்தப் பரிசோதனையின் விடைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அதிகாரிகளின் பந்தயமாகவே முடியும்.

கமிஷன் விவகாரம்

தனியார் பக்கம் கதை தலைகீழ். அங்கே எழுதாமல் விடுவதும் உண்டு. அளவுக்கு மேல் எழுதுவதும் உண்டு. கூலித் தொழிலாளிக்கு மூன்று நாள் காய்ச்சல் என்றால் ஒரே ஒரு வைடால் பரிசோதனையை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவது நமது ஊர்களில் சர்வ சாதாரணம். டைபாய்டு பரவியுள்ள நாட்டில் ஒற்றை வைடால் விடையை நம்ப முடியாது என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட விஷயம். இருந்தும் அது எழுதப்படுகிறது, கூலி கரைகிறது.

நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷத்து ஒழுக்க விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. விதி இருக்கிறது, நிரூபிப்பது எப்படி? ரசீது கொடுத்தா கமிஷன் வாங்குகிறார்கள்? இங்கேதான் பெருந்தரவு உதவ முடியும். ஒரே ஊரில், ஒரே பருவத்தில், ஒரே விதக் காய்ச்சலோடு வந்த ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். ஒரு டாக்டர் இரண்டு பரிசோதனை எழுதுகிறார், இன்னொருவர் ஒன்பது எழுதுகிறார். அந்த ஒன்பதும் ஒரே லேபுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். கணக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த ஒன்பதுக்கும் நியாயமான காரணம் இருக்கலாம். கடினமான நோயாளிகள் அவரிடம் வருகிறவர்களாக இருக்கலாம். ஆகவே கணக்கைக் கண்டதும் தண்டனை கூடாது. விளக்கம் கேட்க வேண்டும். கேள்வி கேட்கவாவது ஆதாரம் கிடைக்கிறது அல்லவா?

மருந்து வாங்கும் விஷயத்தில் தமிழ்நாடு ஒரு வழி காட்டியது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்து, மொத்தமாக வாங்கி, விலையைக் குறைத்தது. மற்ற மாகாணங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின. பொதுச் சொத்தாக இருந்த கணக்கு மக்களுக்குப் பயன்பட்டதற்கு அது சாட்சி.

கணக்கு யாருடைய உடைமை?

ஆனால் முதலாளிகள் தூங்கவில்லை. 2021இல், மருந்து விற்கும் கம்பெனியான ‘பார்ம் ஈஸி’யின் தாய் நிறுவனம், ரத்தப் பரிசோதனைக் கம்பெனியான ‘தைரோகேர்’ பங்குகளில் 66.1 சதவீதத்தை 4,546 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரத்தம் சோதிப்பதும் மருந்து விற்பதும் ஒரே கையில் வந்தால், உங்கள் ரத்தத்தின் விடை உங்களுக்கு முன்னால் கடைக்காரனுக்குத் தெரியும் நிலை ஏற்படலாம். இங்கிலாந்தில் பொதுமக்களின் வைத்தியக் கணக்கை ஒன்றுசேர்க்கும் 33 கோடி பவுன் காண்டிராக்ட் 2023 நவம்பரில் ‘பலான்டிர்’ என்ற அமெரிக்கக் கம்பெனியின் தலைமையிலான கூட்டுக்குப் போயிற்று. அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பணம் ஆரம்பத்தில் முதலீடாகச் சேர்ந்த கம்பெனி அது. அந்நாட்டு டாக்டர்களும் ஊழியர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

நமது நாட்டில் 2021 செப்டம்பரில் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. அடுத்த வருஷம் நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் முடக்கினார்கள். நாட்கணக்கில் பேனாவும் காகிதமும் கொண்டு வேலை நடந்தது. 2011ஆம் வருஷத்து விதிகளில் வைத்தியக் குறிப்புகளுக்குத் தனிப் பாதுகாப்புப் பிரிவு இருந்தது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவே இல்லை.

தொழிலாளிக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்ற விடை முதலில் போர்மேன் கைக்குப் போனால் என்ன ஆகும்? ஆலையைச் சுத்தம் செய்வார்களா, ஆளை நிறுத்துவார்களா? நம் எல்லோருக்கும் பதில் தெரியும். வேலை போகும் என்ற பயத்தால் இருமலை மறைத்துக்கொண்டு ஆலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பரிசோதனை அவர்களைக் காப்பாற்ற வேண்டுமானால், விடை முதலில் அவர்களுக்கே சொந்தமாக வேண்டும்.

சட்டத்தின் நிலை என்ன? ஆபத்தான தொழில்களில் நச்சு ரசாயனங்களோடு வேலை செய்வோருக்கு, வேலையில் சேர்க்கும் முன்பும், பிறகு பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு முறையும் வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும், அந்தக் குறிப்பைத் தொழிலாளி பார்க்க உரிமை உண்டு என்று 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-சி பிரிவைச் சேர்த்தார்கள். ஈய நச்சு நோயைக் கண்ட டாக்டர் அதைத் தலைமை இன்ஸ்பெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதற்கும் பழைய விதி. இவை ஒழுங்காக நடந்திருந்தால் இன்று நம்மிடம் பல வருஷத்துக் கணக்கு இருந்திருக்கும். 2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வருஷா வருஷம் இலவச வைத்தியப் பரிசோதனை என்று அதில் ஒரு பக்கம் பேசுகிறார்கள்; இன்னொரு பக்கம், விசையில்லாத ஆலை தொழிற்சாலை ஆவதற்கு 20 ஆள் போதும் என்றிருந்ததை 40 ஆக்கிவிட்டார்கள். உள்குத்தகைக்கு விட்டு அறை அறையாகப் பிரித்து நடத்தும் தொழிலில் இதன் விளைவு என்னவாகும் என்பதைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நாம் கேட்பது

2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மடிந்தார்கள். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். வெடியில் சாகிறவர்களின் கணக்கு மறுநாள் பத்திரிகையில் வந்துவிடுகிறது. மந்திரிகள் வருகிறார்கள், நஷ்ட ஈடு அறிவிக்கிறார்கள். ரத்தத்திலும் நுரையீரலிலும் மெல்ல ஏறும் விஷத்தால் சாகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்தக் கணக்கை எடுக்கும் கருவி இப்போது கைக்கு எட்டியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பவை இவை:

ஒன்று: இந்த ஜில்லாவின் எல்லா ஆஸ்பத்திரிகளிலும், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும், வெளிநோயாளிச் சீட்டிலும் கம்ப்யூட்டரிலும் தொழில் என்ன, எத்தனை வருஷமாக என்ற கட்டம் சேர்க்கப்பட வேண்டும். இதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை.

இரண்டு: 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் ரத்தத்தில் ஈயம் முதலிய உலோகங்களை அளக்கும் வசதியும், தொழில் நோய்ப் பிரிவும் முழு அளவில் நடக்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளிகளுக்கு ரத்த எண்ணிக்கை, ஈயம், தைராய்டு, நுரையீரல் பரிசோதனைகளைக் கூலி இழப்பில்லாமல் ஆலைப் பகுதியிலேயே செய்ய வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருகிறது. ஆலை விஷத்துக்கும் தேடி வரட்டும்.

மூன்று: விடை முதலில் தொழிலாளி கையில். முதலாளிக்குத் தனி ஆள் பெயரோடு போகக் கூடாது. விடையைக் காரணம் காட்டி வேலை நீக்கம் கூடாது. மாற்று வேலையும் சிகிச்சையும் தர வேண்டும்.

நான்கு: ரத்த வங்கிகளின் பதிவுகள் இணைக்கப்பட வேண்டும். தொற்றுள்ளவருக்கு ரகசியமாகவும் மரியாதையோடும் தெரிவித்து, சிகிச்சைக்கு அனுப்பும் பொறுப்பை நிரந்தர ஊழியர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஐந்து: சர்க்கார், தனியார் இரு தரப்பிலும் பரிசோதனை எழுதும் முறையைப் பொது ஸ்தாபனம் ஒன்று வருஷா வருஷம் ஆராய்ந்து, நோயாளிகளின் பெயர் இல்லாமல் தமிழில் வெளியிட வேண்டும். வீணாக எழுதியதைப் போலவே எழுதாமல் விட்டதையும் அதில் காட்ட வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள், லேப் ஊழியர்கள், தொழிலாளர் சங்கப் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும்.

ஆறு: மக்களின் வைத்தியக் கணக்கு எந்தக் கம்பெனிக்கும் விற்கப்படவோ குத்தகைக்கு விடப்படவோ கூடாது.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இது உங்களை வேவு பார்க்கும் திட்டம் அல்ல. நீங்கள் இரண்டு நிமிஷத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டிய நிலையையும், ஈயத்தை அளக்க வேண்டும் என்று நினைத்தாலும் அதற்கு வழியில்லாத நிலையையும் இதே கணக்கு உலகத்துக்குச் சொல்லும். உங்கள் கோரிக்கைக்கும் எங்கள் கோரிக்கைக்கும் இடையில் பகை இல்லை.

தொழிலாளத் தோழர்களுக்குச் சொல்வது இது. கட்டம் அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும், ‘நான் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறேன், இத்தனை வருஷமாகச் செய்கிறேன்’ என்று நீங்களே சொல்லுங்கள்; சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பரிசோதனை விடையின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். சங்கக் கிளைகள் அந்த நகல்களிலுள்ள விவரங்களைப் பெயரில்லாமல் தொகுத்து வைக்கட்டும். நாளைக்கு அதிகாரிகள், ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டால் மேஜை மேல் வைக்க நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும்.